சுவருக்கு வடக்கே

உள்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் எந்தக் காரியமாக வந்தாலும், கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் பார்க்கவோ, ஊர் திரும்புவதற்குள் ஒரு சாயங்காலம் மெரினாவுக்குப் போயே தீர வேண்டும். தர்மபுரியிலோ கரூரிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, வாழ்நாளில் பார்க்கும் முதல் கடல் பெரும்பாலும் இதுதான். மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். சாலையிலிருந்து பக்கத்தில் தெரிந்த கடல், நடக்க நடக்கத் தள்ளிப் போகிறது. மூட்டுவலிக்காரப் பெரியம்மாக்கள் பாதி வழியில் சுண்டல் வண்டி ஓரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவே சராசரியாக 300 மீட்டர் மணல். சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அலையைக் கிட்டத்தில் பார்ப்பதற்காக இங்கே ஒரு மரப்பாதை போட வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் அது திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சீர் செய்யப்பட்டது. இந்த நகரம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது என்று வருகிறவர்கள் கேட்பதில்லை. கடல் என்றால் மணல் இருக்கத்தானே செய்யும் என்று நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களான நாமும் சொல்வதில்லை, நம்மில் பலருக்கே அது தெரியாது.

150 ஆண்டுகளுக்கு முன் இந்த மணல்வெளி இப்படி இருக்கவில்லை. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1639-இல் பிரான்சிஸ் டே இந்த இடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்தபோதும் கிடையாது, அதற்குப் பின் 200 ஆண்டுக்கு மேலும் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது விட்டுக்கொடுத்து நெளியும், உடையாது. அந்தப் படகை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். அவர்கள் கையும் தோளும் இல்லாமல் கம்பெனியின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு மூட்டை சரக்கு போயிருக்காது, இறங்கி வந்த ஒரு கவர்னரின் கால் மண்ணில் பட்டிருக்காது. கோட்டையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் கிளைவையும் செயின்ட் மேரி தேவாலயத்தையும் சொல்கிறார்கள். தைத்த படகை ஒரே மூச்சில் கடந்துபோகிறார்கள்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல் இரண்டு சுவர்கள், நடுவே அமைதியான தண்ணீர் என்பது பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். சுவர் நின்றது.

அந்தச் சுவர் என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை இந்தக் கரையில் தெண்டி என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. ஆண்டில் பெரும்பகுதி தெண்டிதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வன்னி. அலையும் நீரோட்டமும் சேர்ந்து கரையோர மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன, கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே போகிறது. இந்தக் கடற்கரை முழுதும் இப்படி நகரும் மணலால் ஆனதுதான். கரையின் ஓரிடத்தில் நேற்று இருந்த மணல் இன்று போய்விடும், தெற்கிலிருந்து வேறு மணல் வந்து அந்த இடத்தை நிரப்பும். நடுவில் ஒரு சுவரை எழுப்பினால் வருகிற மணல் அதன் தென்புறம் தங்கிவிடுகிறது. வடபுறத்திலிருந்து போகிற மணல் போய்க்கொண்டே இருக்கிறது, நிரப்ப எதுவும் வருவதில்லை.

தென்புறம் தங்கிய மணல்தான் மெரினா. கரை அகலமாகி வருவதைப் பார்த்த கவர்னர் கிராண்ட் டஃப், 1884-இல் அதன் ஓரமாக உலாப்பாதை அமைத்து, இத்தாலியில் பார்த்த கடற்கரைகளின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். கூவத்தின் முகத்துவாரம் மணலால் அடைபட்டு அடிக்கடி தூர்வார வேண்டியிருப்பதற்கும் இதே மணல்தான் பெரும் காரணம்.

வடபுறத்தில் நடந்ததைப் பார்க்க யாரும் வருவதில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வரை நூறாண்டுக்கும் மேலாகக் கரை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பல நூறு மீட்டர் நிலம் கடலுக்குள் போயிருக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய கல் அந்த இடத்தைக் காத்து, அதற்கு வடக்கே உள்ள இடத்தை இன்னும் வேகமாக அரித்தது. அதனால் அங்கேயும் கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவற்றால் சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் நெடுந்தூரம் கண்ணில் படுவது கல்தான். ஒரு பக்கம் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், மறுபக்கம் ஆள் உயரக் கற்கள், அதற்கு அந்தப் பக்கம் கடல். படகை இழுத்து நிறுத்தக் கரை இல்லை. வலை காயப்போடுவதும் பின்னுவதும் சாலை ஓரத்தில். லாரி போகிற காற்றில் வலை படபடக்கும், பின்னுகிறவர்கள் தலையைக் கூடத் தூக்குவதில்லை.

திருச்சினாங்குப்பத்துக்குப் பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கல்மேல் சாக்கை விரித்து, அதன்மேல் நெத்திலியைப் பரப்பி, காக்கைக்கு ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தார். முன்பு கரை எங்கே இருந்தது என்று கேட்டேன். குச்சியை நீட்டிக் காட்டினார். "தோ, அங்க அலை ஒடையுது பாரு, அதுக்கும் அந்தாண்டதான் எங்க ஆயா வூடு. வூட்டுக்கு முன்னால மணலு, மணலுக்கு அப்பால கடலு. நாங்கள்லாம் அங்க ஓடி வெளையாடுன புள்ளைங்க." குச்சி காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. மெரினாவுக்குப் போனதுண்டா என்று கேட்டேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காணும் பொங்கலுக்குப் போவார்களாம். "அங்க மணலு நல்லா கீது," என்றார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அந்த மணல் எங்கே வந்திருக்க வேண்டியது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஒரே சுவர்தான். அதன் தெற்கே நகரத்தின் பெருமையும் வடக்கே நகரத்தின் இழப்பும் ஒரே காலத்தில் உண்டாயின. இதில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர் சென்னையின் கடற்கரையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

ஊர் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு, அதில் இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்க்க வருகிறவர்களின் கண் படும் இடத்தைத்தான் அரசாங்கம் கூட்டிப் பெருக்குகிறது. அங்கேதான் விளக்கு போடுகிறது, பூங்கா வைக்கிறது, காவலர்களை நிறுத்துகிறது. கண் படாத இடத்துக்கு நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் அனுப்புகிறது. வடசென்னைக்கு அனுப்பப்பட்டவை ஒன்றிரண்டல்ல: அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், ரசாயனம், நிலக்கரி இறக்கும் துறைமுகம், கொடுங்கையூர்க் குப்பைமேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க் கழிவு கலந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தன. மீனவர்களே படகில் போய் மொண்டு மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்து, குப்பங்களின் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மெரினாவில் அந்த எண்ணெய் ஒரு கை அளவு ஒதுங்கியிருந்தால் ஊர் எப்படிப் பதறியிருக்கும்!

மெரினாவின் மணலில் வாழ்கிறவர்களுக்கும் இந்தப் பார்வையால் நன்மை மட்டும் வரவில்லை. நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம் எல்லாம் சுற்றுலாவுக்கு முந்தியவை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று, கரையில் கிடந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது நடக்க வந்தவர்களும் மணலில் விளையாடிய பிள்ளைகளும் குப்பத்து மக்களுமாகச் சென்னையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீனிவாசபுரத்தில் வீடுகள் வரிசையாகப் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் கடைகளை அகற்றினார்கள். அந்தச் சாலையே குப்பத்தை ஊடறுத்துப் போடப்பட்டது. பெண்கள் மீனைச் சாலையில் வைத்து உட்கார்ந்து போராடினார்கள். 2024-இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலையிலிருந்து மீனைப் பிரித்து, கூடையில் எடுத்து, பத்தடி நடந்து விற்ற பழைய ஏற்பாட்டில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையே கடல் தெரிந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மெரினாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நகரத்தில் டிக்கெட் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடும் மிகப் பெரிய இடம் அதுதான். எம்.ஜி.ஆர். சமாதியில் கறுப்புக் கல்மேல் காதை வைத்து, உள்ளே அவர் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்கும் கிராமத்துப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நிமிர்ந்து தலையாட்ட, அடுத்தவர் குனிவார். அந்த நம்பிக்கையைத் திருத்த நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்களுக்குச் சோறு போட்டார் என்று நினைக்கும் ஒருவருக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை அது. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே, தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலை. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1959-இல் அதை வைத்தார்கள். 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சிங்காரவேலர் நடத்தியது இந்தக் கடற்கரையில்தான். ஒரு கூட்டம் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கரையில். சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள்.

கலங்கரை விளக்கம் 2013 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, மேலே போக லிஃப்டும் உண்டு. அங்கே எல்லாரும் தெற்கே சாந்தோம் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். வடக்கே திரும்பினால் மணல்வெளி நீண்டுபோய், அதன் முடிவில் துறைமுகத்தின் பாரம்தூக்கிகள் வரிசையாக நிற்பது தெரியும். மணலையும் அதைப் பிடித்து நிறுத்திய சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க வேறு நல்ல இடம் எனக்குத் தெரியாது. இந்த மணல் எப்படி வந்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று நான்கு வரி எழுதி ஒரு பலகை அந்த மாடத்தில் வைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் மாவட்டம் மாவட்டமாக அங்கே வருகிறார்கள். ஒரு கடற்கரை எப்படி உண்டாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் கிடைக்காது.

கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், கபாலீசுவரர் கோயில் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவசியம் பாருங்கள், வழி காட்ட ஆள் கிடைப்பார்கள். வடக்கே போவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஊர் சுற்றிக்காட்டும் வண்டிகள் பெரும்பாலும் உயர்நீதிமன்றத்தோடு திரும்பிவிடுகின்றன. அதனால் போகும் வழியைச் சொல்கிறேன்.

விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கும், மற்ற நாள் நல்லது. விசைப்படகுகள் வந்து சேர, ஏலம் கூவுகிறவர்களின் குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் கிட்டத்தில்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண்கள் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. பிறகு மெட்ரோ. நீல வழித்தடம் 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் இது. மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் காணலாம். ஏழுகிணற்றில் இருந்த இளவயது வள்ளலார் நடந்தே வந்து போன கோயிலும் இதுதான். வடிவுடையம்மனைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிற கூட்டம் அத்தனையும் சுற்றுவட்டார மக்கள்.

கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் விரைவுச் சாலை. லாரிகள் நிற்காமல் போகும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். சாலையை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. அங்கே கொஞ்சம் உட்காரலாம். அதைத் தாண்டினால் கல். கடலைப் பார்க்கக் கல்மேல் ஏற வேண்டும், மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள். ஓரத்தில் பெண்கள் கருவாடு விற்பார்கள். நெத்திலி, வாளை, சில நாள் வஞ்சிரம். எடை குறையாது, விலையும் நகரத்துக்குள் விற்பதைவிடச் சகாயம், பேரம் பேச வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அவர்கள் நிழலுக்கு ஒதுங்கிவிடுவார்கள், அதற்கு முன்னால் போனால் பேசுவதற்கு அவர்களுக்கும் நேரம் இருக்கும். பழைய கரை எங்கே இருந்தது என்று கேளுங்கள், காட்டுவார்கள்.